அச்சுக்குப் போகாத பிரதியை வாசிச்சு நேர்மையாக் கருத்துச் சொல்லுறது எப்பிடி: ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில ஒரு புத்தக வெளியீட்டுக்கு எண்டாலும் போன ஆக்களுக்கு இந்தக் காட்சி தெரியும். மங்கள விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை எல்லாம் முடிய நயவுரை எண்டு ஒருத்தர் எழும்பி முக்கால் மணித்தியாலம் புகழ்ந்து தள்ளுவார், ஏற்புரை தொடங்க முந்தி அரைவாசிச் சனம் வெளியில வந்து தேத்தண்ணியும் வடையுமா நிக்கும், உண்மையான விமர்சனம் அங்கை தான் நடக்கும். "அந்த மூண்டாம் அத்தியாயம் தேவையே இல்லை கண்டியளோ." "முடிவு சப்பெண்டு போச்சு." கருத்தெல்லாம் சரி தான். ஆனா 300 பிரதி அடிச்சு முடிஞ்சுது, அந்த மனுசன் தன்ர சேமிப்பில கை வைச்சோ கனடாவில இருக்கிற தமையனிட்டக் கேட்டோ போட்ட காசு, இனி அந்தக் கருத்தை வைச்சு ஆர் என்ன செய்யிறது? வடையோட சேர்த்துச் சாப்பிட வேண்டியது தான்.

கருத்துத் தேவைப்படுறது அச்சுக்கு முந்தி. அந்த நேரத்தில கேட்டால் நாங்கள் எல்லாரும் "நல்லா இருக்கு தம்பி, போடும்" எண்டு சொல்லிப்போட்டு விட்டிடுறம். நானும் உப்பிடித்தான் இருந்தனான். கடந்த பத்துப் பன்ரண்டு வருசமா தெரிஞ்ச ஆக்களின்ர கதையள், ரெண்டு மூண்டு நாவல், சில நினைவுக்குறிப்புகள் எண்டு கன பிரதி வாசிச்சுக் குடுத்திருக்கிறன், அதில செய்யாத பிழை இல்லை. அதுகளை வைச்சுத் தான் இதை எழுதுறன்.

1. ஓம் எண்டு சொல்ல முந்தி மூண்டு கேள்வி

பிரதியைக் கையில வாங்க முந்திக் கேளுங்கோ: இது எத்தினையாம் தரம் எழுதினது? எப்ப அச்சுக்குப் போகுது? என்னட்ட இருந்து என்ன வேணும்?

ரெண்டாவது கேள்வி தான் முக்கியம். மண்டபம் புக் பண்ணி அழைப்பிதழும் அடிச்சாச்சு எண்டால், "கதையின்ர நடுப்பகுதியைத் திருப்பி எழுதுங்கோ" எண்டு சொல்லுறது நேர்மை இல்லை, கொடுமை. அந்த நேரத்தில எழுத்துப்பிழை, ஆள் பேர் மாறினது, வருசக்கணக்குப் பிழைச்சது, இதுகளை மட்டும் பாத்துக் குடுங்கோ. ஆறு மாசம் இருக்கு எண்டால் வேற கதை.

மூண்டாவது கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் "சும்மா வாசிச்சுப்போட்டு உங்கட கருத்தைச் சொல்லுங்கோ" எண்டு தான் சொல்லுவினம். விடாதேங்கோ. "உங்களுக்கு எந்த இடத்தில சந்தேகம் கிடக்கு?" எண்டு திருப்பிக் கேளுங்கோ. எழுதினவைக்கு எங்கை ஓட்டை எண்டு உள்ளுக்குத் தெரியும். ஒருத்தர் என்னட்ட "அந்தப் பொம்பிளை பாத்திரம் சரியா வந்திருக்கோ தெரியேல்லை" எண்டவர், வாசிச்சால் அவ வாற 40 பக்கத்தில ஒரு முழு வசனம் கூடக் கதைக்கேல்லை!

அணிந்துரை மட்டும் தான் வேணும் எண்டு வாற ஆக்களும் இருக்கினம். அதுவும் பிழை இல்லை, ஆனா அது வேற வேலை, அதைக் கருத்துக் கேக்கிறதா நினைச்சு மினக்கெடக் கூடாது. உங்களுக்குப் பிடிபடாத வகை எண்டாலும் மறுத்திடலாம். எனக்கு மரபுக்கவிதை அளக்கத் தெரியாது, வெண்பாவில தளை தட்டினாலும் என்ர காதுக்கு விளங்காது, அப்பிடி வாறவைக்கு "உங்கட எழுத்துக்கு நான் சரியான வாசகன் இல்லை" எண்டு முதலே சொல்லிப்போடுவன். மூண்டு மாசம் மேசையில வைச்சு வைச்சுத் திருப்பிக் குடுக்கிறதை விட அது எவ்வளவோ திறம்.

நாளும் சொல்லுங்கோ. 150 பக்கப் பிரதிக்கு நான் மூண்டு கிழமை கேப்பன், ஏனெண்டால் ரெண்டு தரம் வாசிக்கவேணும்.

2. பிரதி வந்த உடனை

எங்கட பக்கத்தில பாதிப் பேர் இப்பவும் பாமினி எண்ட பழைய எழுத்துருவில தான் ரைப் பண்ணுகினம். அதை ஃபோனில திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா ஒரு குப்பை தெரியும். யூனிகோட்டுக்கு மாத்தி வாசிக்கலாம், ஆனா மாத்தேக்க இடையில ஆங்கிலச் சொல்லு கிடந்தால் அதுவும் தமிழெழுத்தா மாறி விசர்க்கதை மாதிரி வரும், மேற்கோள் குறியளும் குழம்பும். உதெல்லாத்தையும் எழுதினவற்ற பிழை எண்டு கணக்கில வைச்சுப்போடாதேங்கோ. நான் ஒருக்கா 60 "எழுத்துப்பிழை"க்கு வட்டம் போட்டுக் குடுக்க, அவ தன்ர பிரிண்டைக் கொண்டு வந்து காட்டினா, அதில ஒரு பிழையும் இல்லை. முகத்தை எங்கை வைக்கிறது எண்டு தெரியேல்லை எனக்கு.

கையெழுத்தில, சீஆர் கொப்பியில கொண்டு வாற வயது போன ஆக்களும் இருக்கினம். ஒறிஜினலை வாங்காதேங்கோ. ஃபோட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு கொப்பியை அண்டைக்கே திருப்பிக் குடுங்கோ. ஒரே ஒரு பிரதி எண்டால் என்ன எண்டு எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை, 1981இல பொது நூலகத்தோட ஏட்டுச்சுவடியளும் எரிஞ்ச ஊர் இது, 1995 இடப்பெயர்வில வீட்டில விட்டுப்போட்டு வந்த கொப்பியள் திரும்பிப் போக இல்லாமல் போன ஆக்கள் இப்பவும் என்ர ஒழுங்கையிலயே இருக்கினம்.

இன்னொண்டு. பிரதி உங்களோட நிக்கவேணும். வட்ஸ்அப் குறூப்பில ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு "இதைப் பாருங்கோவன்" எண்டுறது, பாராட்டித் தான் போட்டாலும், பிழை.

3. முதல் வாசிப்பு: பேனையை அங்கால வையுங்கோ

முதல் தரம் வாசிக்கேக்க திருத்தாதேங்கோ. சும்மா ஒரு வாசகனா வாசியுங்கோ. பென்சிலால ஓரத்தில ஒரு புள்ளி மட்டும் போடலாம்: அலுத்த இடம், குழம்பின இடம், சிரிச்ச இடம், ஃபோனை எடுத்துப் பாத்த இடம். ஃபோனை எடுத்த இடம் தான் பெரிய சாட்சி. அந்த நேரம் காரணம் தேடவேண்டாம்.

சீத்தலைச் சாத்தனார் மற்றவையின்ர பாட்டில பிழை கண்டால் எழுத்தாணியால தன்ர தலையில குத்திக்கொள்ளுவாராம் எண்டு ஒரு கதை இருக்கு. எங்களுக்கு எழுதினவன்ர தலை தான் வசதி. சிவப்புப் பேனையோட இருந்தால் மூளை பிழையை மட்டும் தான் தேடும், கதை உள்ள போகாது, 200 ஒற்றுப்பிழை பிடிச்சுப்போட்டு "கதை என்னெண்டு?" எண்டு கேட்டால் முழிக்க வேண்டி வரும். தமிழ் ரீச்சர்மார் கோவிக்கக் கூடாது, இந்த வருத்தம் உங்களுக்குத் தான் கூட.

முடிச்சாப் பிறகு ரெண்டு நாள் விடுங்கோ. ரெண்டு நாளுக்குப் பிறகும் ஞாபகத்தில நிக்கிறது என்ன எண்டு பாருங்கோ. அதைக் குறிச்சு வையுங்கோ, எழுதினவருக்கு அதை விடப் பெறுமதியான தகவல் உங்களால குடுக்க ஏலாது.

4. இது என்னவா இருக்கப் பாக்குது?

ரெண்டாம் வாசிப்புக்கு முந்தி ஒரு சின்னப் பந்தி எழுதுங்கோ: இந்தப் பிரதி என்ன செய்ய வெளிக்கிட்டிருக்கு? உங்களுக்கு என்ன பிடிக்கும் எண்டதை அதுக்குள்ள கொண்டுவராதேங்கோ. பேரப்பிள்ளையளுக்காகத் தன்ர ஊர்க்கதையை எழுதின ஓய்வு பெற்ற தபால்காரரிட்டப் போய் "இதில படிமம் காணாது" எண்டு சொல்லுறதில என்ன நியாயம் இருக்கு? துப்பறியும் கதைக்கு, கள்ளனை நான் எத்தினையாம் பக்கத்தில பிடிச்சன் எண்டது தான் கேள்வி. அந்தப் பந்தியைப் பிறகு எழுதினவருக்கும் காட்டுங்கோ. அவர் "நான் அப்பிடி நினைச்சு எழுதேல்லையே" எண்டால் அதுவே பெரிய கருத்து, மிச்சத்துக்குத் தேவையும் இல்லாமல் போகலாம்.

5. ரெண்டாம் வாசிப்பு, நன்னூலைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு

இதுக்கு மேல்நாட்டுப் புத்தகம் ஒண்டும் தேடத் தேவையில்லை. ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதின நன்னூல் எண்ட பழைய இலக்கண நூலில, நூலுக்கு வாற பத்துக் குற்றம் எண்டு ஒரு சூத்திரம் கிடக்கு. அது கதைக்கு எழுதினதில்லை, நூல் எண்டால் என்ன எண்டு சொல்ல எழுதினது, ஆனா நான் அதை வைச்சுத் தான் இப்ப எல்லாத்தையும் வாசிக்கிறன்.

கூறியது கூறல்: அம்மாவின்ர வறுமையை நாலு காட்சியில காட்டினால் நாலாவதில வாசகனுக்குப் புதுசா என்ன? மாறுகொளக் கூறல்: 12ஆம் பக்கத்தில ஒற்றைப் பிள்ளை, 80ஆம் பக்கத்தில அக்கான்ர கலியாணம். மற்றொன்று விரித்தல் எங்கட ஊர் எழுத்தில அதிகம், கதாநாயகன் குறிகாட்டுவானில வள்ளம் ஏறினவுடனை தீவுகளின்ர வரலாறு ஆறு பக்கம் ஓடும், வள்ளம் கடலுக்க அப்பிடியே நிக்கும். குன்றக் கூறல் அதுக்கு எதிர்ப்பக்கம், எழுதினவர் தன்ர மனசுக்குள்ள முழுசாக் கண்டதால பேப்பரில வைக்க மறந்துபோற விசயம்.

பத்தில எனக்குப் பிடிச்சது "சென்று தேய்ந்திறுதல்". நல்லாத் தொடங்கி, போகப் போகத் தேஞ்சு முடியிறது. முதல் மூண்டு அத்தியாயத்தை எழுதினவர் முப்பது தரம் திருத்தியிருப்பார், கடைசி மூண்டையும் ஒரே மூச்சில முடிச்சிருப்பார், வாசிக்கேக்க அது அப்பட்டமாத் தெரியும். அதால நான் சில நேரம் கடைசி 30 பக்கத்தைத் தனியா இன்னொருக்கா வாசிக்கிறனான்.

ஒண்டு மட்டும், சூத்திரத்தை எழுதினவற்ற முகத்தில எறியாதேங்கோ. "உம்மட கதையில வெற்றெனத் தொடுத்தல் கிடக்கு", அதாவது பொருளில்லாமல் வெறும் சொல்லை அடுக்கியிருக்கிறீர் எண்டால் ஆருக்குத் தான் கோவம் வராது.

தகவல் பிழையும் இந்த வாசிப்பில தான் பிடிபடும். 1992இல கொக்குவில் வீட்டில ஃபேன் சுத்துது எண்டு ஒரு கதை வந்தது. 1990க்குப் பிறகு கன வருசம் இஞ்சை கரண்டே இல்லை, ஜாம் போத்தில் விளக்கும், சைக்கிள் டைனமோவில ரேடியோவும் தான், அதை எழுதின பெடியன் 2000க்குப் பிறகு பிறந்தவன், அவனைக் குறை சொல்ல ஏலாது. இன்னொரு நாவலில சமாதான காலம், 2003, கதாநாயகன் யாழ்தேவியில யாழ்ப்பாணம் ஸ்ரேசனில வந்து இறங்கிறார். 1990இல நிண்ட றெயில் 2014 ஒக்ரோபரில தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. 2003இல வவுனியாவோட இறங்கி ஏ9 றோட்டால, ஓமந்தையிலயும் முகமாலையிலயும் செக்கிங் குடுத்துத் தான் வரவேணும். உப்பிடிப் பிழையளைச் சிரிக்காமல், இடத்தைக் குறிச்சு, சரியான தகவலோட குடுங்கோ. அந்த நாவல்காரர் பிறகு ஓமந்தையில மூண்டு மணித்தியாலம் வெயிலில நிக்கிற ஒரு காட்சி எழுதினார், புத்தகத்திலயே அது தான் திறமான பகுதி.

6. எழுதுறது: இடம், எனக்கு என்ன நடந்தது, ஏன் எண்டு ஒரு ஊகம்

இது தான் முழு வேலையின்ரயும் மையம், கொஞ்சம் ஆறுதலாப் பாப்பம். ஒரு பிரதியில இப்பிடி ஒரு பந்தி இருக்கு எண்டு வைப்பம்:

"வானம் கறுத்துக் கிடந்தது. அவளின் மனமும் கறுத்துக் கிடந்தது. மேகங்கள் அவளுக்காகக் கண்ணீர் வடித்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போல் அன்றும் அம்மா மகனின் சைக்கிளை முற்றத்துக்கு உருட்டி வந்து இரண்டு சில்லுக்கும் காற்றடித்தா. அடித்து முடித்ததும் திரும்பக் கொண்டுபோய் விறாந்தையில் சாத்தினா. அந்தச் சைக்கிள் முடிவில்லாத காத்திருப்பின் குறியீடாக நின்றது."

வழமையா வாற கருத்து: "வர்ணனை கூடிப்போச்சு, உணர்வு நல்லா வந்திருக்கு." இதை வைச்சு அந்தப் பிள்ளை எந்த வரியைத் தொடுறது? சிலவேளை சைக்கிளைத் தூக்கி எறிஞ்சுபோட்டு மேகத்தை வைச்சிருப்பா.

நான் எழுதினால் இப்பிடி எழுதுவன்: "பக்கம் 7. முதல் மூண்டு வரியிலயும் நான் கதைக்கு வெளியில நிண்டன், இந்த வானத்தை முந்தியும் கன கதையில கண்டிருக்கிறன். காத்தடிக்கிற இடத்தில டக்கெண்டு உள்ள போனன். ஓடுறதுக்கு ஆளில்லாத சைக்கிளுக்குக் காத்து, அதுவும் ஒவ்வொரு வெள்ளியும், அந்த 'ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போல்' எண்ட சொல்லு கன வேலை செய்யுது. கடைசி வரியில திரும்ப வெளியில வந்திட்டன். எனக்கு ஏற்கனவே விளங்கினதை நீங்கள் விளங்கப்படுத்திறியள் எண்டு பட்டது. அந்த வரி இல்லாமல் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ."

பாருங்கோ, இதில நான் ஒரு வரியும் மாத்தி எழுதிக் குடுக்கேல்லை. எந்த இடம், எனக்கு என்ன நடந்தது, ஏன் எண்டு நினைக்கிறன், அவ்வளவு தான். பாராட்டும் இடத்தோட தான் இருக்கு. "நல்ல நடை" எண்டு சும்மா சொன்னால் எழுதினவருக்கு எதைக் காப்பாத்திறது எண்டு தெரியாது, திருத்தேக்க நல்லதையும் சேர்த்து வெட்டிப்போடுவார்.

பெரிய விசயம் மூண்டுக்கு மேல சொல்லாதேங்கோ. இருபது குறை கண்டிருப்பியள், தெரியும். இருபதையும் ஒண்டாக் குடுத்தால் ஆள் ஒண்டையும் திருத்தாது, கொப்பியை மூடி அலுமாரிக்குள்ள வைக்கும். எழுத்துப்பிழையளைத் தனிப் பட்டியலாக் குடுங்கோ, இல்லாட்டி வேர்டில கொமென்ட் போடுங்கோ, கடிதத்துக்குள்ள கலக்காதேங்கோ.

தீர்வு சொல்ல வாய் உன்னும். "அந்தப் பெட்டையைக் கடைசியில சாகவிட்டால் எப்பிடி இருக்கும்?" எண்டு. அது உங்கட கதை. எழுத ஆசை எண்டால் நீங்களே ஒரு கொப்பி வாங்குங்கோ.

7. வழக்கா, பிழையா? நான் வாங்கிக் கட்டின கதை

மட்டக்களப்பு ஆள் ஒருத்தர், கம்பஸ் காலத்தில பழக்கம், ஒன்பது சிறுகதை அனுப்பினவர். அவற்ற கதையில ஆக்கள் "மறுகா வாறன்", "மறுகா சொல்லு" எண்டு கதைப்பினம், மறுகா எண்டால் பிறகு. எனக்கு அது கண்ணுக்க குத்தினபடியா, உதவி செய்யிறன் எண்ட நினைப்பில, எல்லா "மறுகா"வையும் வெட்டி "பேந்து" எண்டு போட்டுக் குடுத்தன். ஒண்டு ரெண்டில்லை, 41 இடம்! அந்தாள் ஒண்டும் சொல்லேல்லை, நன்றி எண்டு ஒரு மெசேஜ் வந்தது, பிறகு எட்டு மாசம் சத்தமே இல்லை.

"மறுகா" அவையின்ர வழக்கு, "பேந்து" எங்கட வழக்கு, ரெண்டும் ஊர்ப்பேச்சுத் தான், நான் செய்தது திருத்தம் இல்லை, வாழைச்சேனைக்காரரைப் பிடிச்சு வல்வெட்டித்துறைக்காரர் மாதிரிக் கதைக்க வைச்ச வேலை. வன்னி, மலையகம், மன்னார், எங்கையிருந்து பிரதி வந்தாலும் இப்ப நான் தெரியாத சொல்லுக்குக் கீழ கோடு போட்டு "இது உங்கட ஊர்ச் சொல்லோ, ரைப்பிங் பிழையோ?" எண்டு மட்டும் கேக்கிறன்.

8. உண்மைக் கதை எண்டால் இன்னும் கவனம்

எங்கட ஆக்கள் எழுதுறதில பாதி நடந்த கதை தான். செல் விழுந்த வீடு, காணாமல் போன தம்பி, முகாம். "இந்தக் காட்சி நம்புற மாதிரி இல்லை" எண்டு நீங்கள் சொல்லுற காட்சி அவவின்ர கண்ணுக்கு முன்னால நடந்ததா இருக்கலாம். அதால எப்பவும் "கதைசொல்லி", "அந்தப் பாத்திரம்" எண்டே எழுதுங்கோ, "நீங்கள் அந்த இடத்தில ஏன் அழேல்லை?" எண்டு கேக்காதேங்கோ. பேப்பரில வந்ததைப் பற்றி மட்டும் தான் நாங்கள் கதைக்கலாம், நடந்ததைப் பற்றி இல்லை. அரசியலில உங்களுக்கும் அவருக்கும் ஒத்துவராது எண்டால் அதை முதல் வரியிலயே ஒப்புக்கொள்ளுங்கோ, கதையின்ர குறை மாதிரி வேசம் போட்டு அதைச் சொல்லாதேங்கோ.

உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேர், ஒழுங்கை, சாதி எல்லாம் அப்பிடியே வந்திருந்தால், அதை மட்டும் மறைக்காமல், உறுதியாச் சொல்லுங்கோ.

9. குடுக்கிற விதம்

எழுத்தில குடுங்கோ, ரெண்டு மூண்டு நாள் கழிச்சுக் கதையுங்கோ. வைபரில 11 நிமிச வொய்ஸ் மெசேஜ் வேண்டாம், அதில பக்க எண் தேட ஏலாது. கோயிலடியில, கலியாண வீட்டில, அவற்ற மனுசி பிள்ளையளுக்கு முன்னால வேண்டவே வேண்டாம்.

வயது மூத்த ஆக்களிட்டச் சொல்லுறது எங்கட ஊரில பெரிய சங்கடம். எனக்குப் படிப்பிச்ச சேர் ஒருத்தற்ற பிரதி வந்தது. மூண்டு நாள் யோசிச்சுப்போட்டு வீட்டை போனன்.

"சேர், நான் உங்களிட்டப் படிச்சவன். எனக்கு விளங்காத இடங்களைக் கேக்கட்டோ?"

"கேளும்."

"அஞ்சாம் அத்தியாயத்தில அந்தக் கிணத்தடிச் சண்டை ஏன் வந்தது எண்டு எனக்குப் பிடிபடேல்லை சேர். ரெண்டு தரம் வாசிச்சனான்."

சேர் கண்ணாடியைப் போட்டுக் கொஞ்ச நேரம் பாத்தார். "அதை நான் எழுதேல்லை என்ன. எல்லைவேலிப் பிரச்சினை. எனக்குத் தெரியும் எண்டு விட்டிட்டன்."

அவ்வளவு தான். "குன்றக் கூறல்" எண்டு நான் சொல்லேல்லை, அவருக்கே தெரியும், எனக்கு அதைப் படிப்பிச்சதே அவர்.

10. பிறகு

நீங்கள் சொன்னதில அரைவாசியை அவை கேக்க மாட்டினம். ஏன் மாத்தேல்லை எண்டு விசாரிக்கக் கூடாது. வெளியீட்டில நயவுரைக்குக் கூப்பிட்டால், பிரதியா இருக்கேக்கயே வாசிச்சனான் எண்டு மேடையில சொல்லிப்போட்டுத் தொடங்குங்கோ. அதே புத்தகத்துக்குப் பத்திரிகையில விமர்சனம் எழுதச் சொன்னால் வேற ஆளைக் காட்டிவிடுங்கோ. அச்சுக்கு முந்திச் சொன்ன குறையளை வடையும் கையுமா நிண்டு மற்றவைக்குச் சொல்லுறதும் இல்லை, அது அவருக்கு எழுதின கடிதம்.

அந்த மட்டக்களப்புக்காரற்ற புத்தகம் போன வருசம் தபாலில வந்தது. ஒன்பது கதையில ரெண்டைத் தூக்கியிருந்தார், நான் அலுத்துப்போச்சு எண்டு புள்ளி போட்ட அதே ரெண்டு. மற்ற ஏழிலயும் "மறுகா" அத்தினையும் பத்திரமா இருந்த இடத்திலயே கிடந்தது. முதல் பக்கத்தில கையெழுத்துப் போட்டு ஒரு வரி எழுதியிருந்தார்: "மறுகா ஒருக்கா வாசிங்க."